பத்து வரை

பர்கூரில் ஏறியதும் செருப்பைக் கழற்றிவிட்டாள்.
இடதை வலதில் மாட்டினால்தான் மாட்டுவாள்,
வலதை இடதில்.
நேராக்கினேன். அவ்வளவுதான்,
ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒன்று தொங்கியது
அவள் இரண்டு விரலில்.
"பாப்பாவுக்கு வாய்தான் வரல,
கை நல்லா வருது" என்றார் கண்டக்டர்.
பஸ் சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

செவ்வாய்தோறும் கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரி,
மாடியில் கடைசி அறை.
சுவரில் யானை, வாளி, வாழைப்பழம்.
இரண்டு வயது ஒன்பது மாதம்,
சொற்கள் பதினொன்று.
நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்
பால் கணக்குக்குக் கீழே:
பா என்றால் பால், பஸ், அப்பா,
சில ராத்திரி நிலாவும்.
ம்மே என்றால் ஆடு. நானும்தான்.

மோக்‌ஷிதா என்பது
எழுத்துக் கூட்டிப் பார்த்து வைத்த பெயர்.
வைத்தவருக்கே ஒருமுறை வாய் இடறியது.
அவளுக்கு வந்தது கடைசி எழுத்து மட்டும்.
தா.
நெஞ்சில் கை வைத்துத் தா என்பாள்,
நாங்கள் பிஸ்கட் தருவோம்.
தூக்கி எறிவாள்.
தா. தண்ணீர் தருவோம்.
தா. தா.
செல்போனைத் தருவோம்.
ஷாஹிதா மேடம்தான் பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்:
"அவ எதையும் கேக்கல.
பேரைச் சொல்றா."

அன்று திரும்பும் பஸ்ஸில்
எத்தனை பிஸ்கட் என்று எண்ணிக்கொண்டே வந்தேன்.

எங்கள் வீட்டில் அவர் தெலுங்கு, நான் தமிழ்.
ரெண்டு பாஷையில குழந்த குழம்பிடுச்சு என்று
ரேஷன் வரிசையில் ஒருத்தி,
கல்யாணத்தில் நாலு பேர்,
கிரானைட் லாரி ஓட்டும் அவர் சிநேகிதர்கூட.
மேடம் தலையாட்டவில்லை.
"ரெண்டும் பேசுங்க.
கேக்கறதுக்கு முன்னாடி எதையும் கையில கொடுக்காதீங்க.
மனசுக்குள்ள பத்து எண்ணுங்க."

பத்து என்பது எவ்வளவு நீளம் என்று
பிடிவாதக் குழந்தையைப் பெற்றவர்களுக்குத்தான் தெரியும்.
நான்கில் தரையில் உருள்வாள்.
ஆறில் பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும்.
எட்டில், போன வெள்ளிக்கிழமை,
அடித்துவிட்டேன்.
அழவில்லை.
அடித்த கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து
"வத்து" என்றாள்,
அவள் அப்பாவின் வேண்டாம்.
அதுதான் பதினோராவது சொல்.
நோட்டில் ஏறியிருக்கிறது.
எப்படி வந்தது என்று எழுதவில்லை.

இன்று மேடத்திடமும் சொல்லவில்லை.

பஸ் நிலையத்தில் மாங்காய்த் துண்டுக்காரர்
மிளகாய்ப்பொடி தூவிக்கொண்டிருந்தார்.
நட்டநடுவே உட்கார்ந்துவிட்டாள்.
சூட்கேஸ்கள் சுற்றிக்கொண்டு போயின.
ஒரு செருப்பை எடுத்து என்னிடம் நீட்டினாள்.
வாங்கப் போனேன், விடவில்லை.
என் முகத்தைப் பார்த்தாள்,
முகத்தைக்கூட இல்லை, வாயை.
ஒன்று, இரண்டு என்று நான்தான் எண்ணுகிறேன் என்றிருந்தேன்.
ஐந்து வாக்கில் உறைத்தது:
மேடம் வாளிப் படத்தைத் தூக்கிப் பிடித்து
இவள் எதிரே காத்திருப்பாரே,
அதே புருவம்.

"செருப்பு" என்றேன்.
போதவில்லை.
"செ... ருப்பு."
தலையை ஆட்டினாள், பொறுமையாக,
மக்குப் பிள்ளையிடம் ஆட்டுவதுபோல.
பிறகு அவளே,
முதல் எழுத்து மட்டும் கொஞ்சம் எச்சிலோடு:
"செப்பு."

அவள் அப்பா காலில் போடுவது அது.
எனக்கு வேறு மாதிரி கேட்டது.
உட்கார்ந்தேன், அந்த எண்ணெய்த் தரையிலேயே,
வெள்ளிக்கிழமையைச் சொன்னேன்.
கேட்டாளா தெரியாது.
ஊக்கு மாட்டுவதில் இருந்தாள்,
இடது வலதில்,
வலது இடதில்.

எழுந்து
"பா!" என்று ஓடி ஏறிவிட்டாள்.
அது ஓசூர் பஸ்.